தட்டு அண்ணாச்சி கொடுத்த தட்டு

யாரும் வாங்காத பாட்டை மட்டும்தான் வாங்குவேன் என்று வாழ்நாள் முழுக்க அடம்பிடித்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் தட்டு அண்ணாச்சி. கன்னியாகுமரி வரை தேடினாலும் அவரைப் போல இன்னொருவர் கிடைக்க மாட்டார். கிடைத்தால் அந்தத் தெருவில் யாரும் வாடகைக்குக் குடிவர மாட்டார்கள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ராஜபாளையத்தில் அதைச் சொல்லி வழி கேட்டால் ரயில்வே ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடுவார்கள். "தட்டு அண்ணாச்சி வீடு" என்று கேட்டால் இடுப்பில் இருக்கிற குழந்தைகூடக் கை காட்டும். தட்டு என்றால் இசைத்தட்டு. அதிலும் டெக்னோ, ஹவுஸ், எலக்ட்ரானிகா என்று மேல்நாட்டில் மிஷினை வைத்துப் போடுகிற பாட்டு. அதில் பெரும்பாலும் யாரும் பாட மாட்டார்கள். டொம் டொம் என்று ஓர் அடி விழுந்துகொண்டே இருக்கும். அதன் மேல் ஏதேதோ சத்தங்கள் வந்து உட்காரும், எழுந்து போகும்.

நானும் அவரும் ஒரு பேண்டேஜ் கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் அடுத்தடுத்த மேஜை. எங்கள் ஊர் துணி சுற்றாத காயம் உலகத்தில் குறைவு. முதலாளி ஒருமுறை ஜெர்மனியில் நடந்த மருத்துவப் பொருள் கண்காட்சிக்கு அண்ணாச்சியைச் சாம்பிள் பெட்டியோடு அனுப்பினார். போன இடத்தில் மழைக்கு ஒதுங்கியிருக்கிறார். ஒதுங்கிய இடம் ஒரு தட்டுக் கடை. விற்காமல் கிடந்த தட்டுகளைக் கடைக்காரன் ஒரு பெட்டியில் போட்டு, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று வாசலில் வைத்திருந்தான். அண்ணாச்சி அதில் ஒன்றை உருவி, போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறார்.

"கேட்டதும் என்ன ஆச்சு அண்ணாச்சி?" என்று பலமுறை கேட்டிருக்கிறேன்.

"ஒண்ணும் ஆகல தம்பி. மழை விட்டுருச்சு. நான் போகல. அம்புட்டுத்தான்."

ஊருக்கு வந்ததும் முதலாளி சாம்பிள் பெட்டியைத் திறந்தார். பேண்டேஜ் இருந்த இடத்தில் கறுப்புத் தட்டுகள் அடுக்கியிருந்தன.

"யோவ், சாம்பிள் எங்கய்யா?"

"எல்லாத்தையும் குடுத்துட்டேன் சார்."

"ஆர்டரு?"

"அது பொறவு வரும் சார்."

நிஜமாகவே வந்தது. அதனால் வேலை தப்பியது. அதன் பிறகு அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. இன்டர்நெட்டில் உலகம் முழுக்கத் தேடினார். புகழ்பெற்ற தட்டு என்றால் திரும்பிப் பார்க்க மாட்டார். எவனோ ஒருவன் சின்ன அறையில் உட்கார்ந்து ஒரே ஒரு தட்டு போட்டு, அது விற்காமல் போய், அவமானத்தில் வேறு வேலைக்குப் போயிருக்க வேண்டும். அப்படிப்பட்ட தட்டுதான் வேண்டும். லேபிளில் பெயர்கூட இல்லாமல் வெள்ளையாக இருந்தால் இன்னும் சந்தோஷம்.

"நல்லாருக்கதாலயே எல்லாரும் வாங்கிருவாகளா தம்பி? கடையில கண்ணுக்குத் தெரியாத மூலையில கெடந்திருக்கும். அன்னிக்கு மழை பெஞ்சிருக்கும். யாராவது ஒருத்தன் கேக்க வேண்டாமா?"

கேட்பது என்றால் சாதாரணக் கேட்பு இல்லை. சம்மணம் போட்டு, கண்ணை மூடி, பரீட்சை எழுதுகிறவர் போல உட்காருவார். திடீரென்று விரலைத் தூக்குவார். "இந்தா, இப்ப வந்துச்சே ஒரு சத்தம், கேட்டியா? இந்தப் பாட்டுல அது ஒருக்கத்தான் வரும். திரும்ப வராது." எனக்கு டொம் டொம் தவிர எதுவும் கேட்டிருக்காது. இருந்தாலும் தலையாட்டுவேன். மில் சத்தம் மாதிரியே இருக்கிறது என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "மில்லு சத்தத்துக்குச் சம்பளம் குடுத்தாத்தான் நிப்பான். இதுக்கு நான் சும்மா நிக்கேன்" என்பது அவர் வாதம்.

சித்திரை வெயிலில் தட்டுகள் அப்பளம் போல வளையும். அவற்றை நிமிர்த்த, கம்பெனி குடோனில் பேண்டேஜுக்கான காஸ் துணிப் பேல்களுக்கு அடியில் செருகி வைப்பார். அப்படிச் செருகிய ஒன்று பேலோடு சேர்ந்து கப்பலேறிவிட்டது. வாங்கிய வெளிநாட்டுக் கம்பெனி, "உங்கள் சரக்கில் சந்தேகத்துக்குரிய கறுப்பு வட்டம் ஒன்று இருந்தது" என்று புகார் அனுப்பியது. முதலாளி கத்திய கத்தலில் வெளியே லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். அண்ணாச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "போட்டுப் பாத்தாகளாமா சார்?"

வீட்டில் அவர் மனைவியும் மகன் கதிரேசனும். மனைவியை நான் மதினி என்பேன். அண்ணாச்சியின் குடும்பத்துக்குப் பூர்வீகம் வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம். அங்கே வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார். கதிரேசனும் சேர்ந்தான். லீவில் வரும்போது அப்பாவைப் பாடாய்ப் படுத்துவான். பாட்டு பாதிக்கு மேல் ஓடிய பிறகு பவ்யமாகக் கேட்பான்: "எப்பப்பா பாட்டு ஆரம்பிக்கும்?" மதினி கேட்கவே மாட்டார், நேராக ஏசுவார். ஹவுஸ் என்றால் வீடு என்று அண்ணாச்சி விளக்கிய அன்று மதினி சொன்னது: "வீட்டுக்கு வெள்ளையடிச்சு எம்புட்டு வருசமாச்சு! அதைப் பாக்காம வீட்டுப் பாட்டாம்ல!"

அந்த வீட்டில் எதிர்ப்பில்லாமல் கேட்ட ஒரே ஜீவன் அவர்கள் வளர்த்த வெள்ளை நாய்தான். ஸ்பீக்கருக்கு முன்னால் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். அதற்குப் பிறவியிலேயே காது கேட்காது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு எங்கள் கம்பெனி சார்பில் நீர்மோர்ப் பந்தல் போடுவோம். ஒரு வருஷம் மைக்செட் மக்கர் செய்ய, அண்ணாச்சி தன் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையரோடு வந்து கைகொடுத்தார். பக்திப் பாட்டுகள் தீர்ந்த ஒரு நிமிட இடைவெளியில் தன் சரக்கை ஏற்றிவிட்டார். மோர் வாங்க வந்த கூட்டம் டம்ளரோடு விலகி நின்றது. ஒரு போலீஸ்காரர் அவசரமாக வந்தார்.

"என்ன சார், ஜெனரேட்டர் ரிப்பேரா? எல்லாரும் தள்ளி நில்லுங்க!"

"ரிப்பேர் இல்ல சார். பாட்டு."

போலீஸ்காரர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "எதுக்கும் ஆஃப் பண்ணிருங்க" என்றார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த காலம் ஒரு பகலில் முடிந்துபோயிற்று.

கதிரேசன் லீவு முடிந்து கிளம்புகிற நாள். யூனிட்டில் உள்ள நண்பர்களுக்குப் பால்கோவா வாங்கி வருகிறேன் என்று பைக்கில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனான். திரும்பும் வழியில் ஒரு லாரி. அங்கேயே உயிர் போய்விட்டது. எனக்குத் தகவல் வந்து நான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அண்ணாச்சி பிணவறை வாசலில் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். பைக்கில் இருந்த பையை ஒரு கான்ஸ்டபிள் அவரிடம் கொடுத்தார். உள்ளே பால்கோவா டப்பா. பைக் உருத்தெரியாமல் நசுங்கியிருந்தது. டப்பாவில் ஒரு கீறல் இல்லை.

அண்ணாச்சி அதைத் திறந்தார். கான்ஸ்டபிளிடம் நீட்டினார்.

"எடுத்துக்கோங்க சார். கெட்டுப்போகும்."

கான்ஸ்டபிள் வயதானவர். என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அண்ணாச்சி அங்கிருந்த எல்லோரிடமும் டப்பாவோடு போனார். ஆம்புலன்ஸ் டிரைவர், பிணவறை ஊழியர், வேறு ஏதோ சாவுக்கு வந்து நின்ற ஒரு குடும்பம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசியாக என்னிடம் வந்தார். அன்றிலிருந்து நான் பால்கோவா தொடுவதில்லை.

வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். சொந்தக்காரர் யாரோ ஏற்பாடு செய்த மைக்செட் வந்து, பந்தல் காலில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினார்கள். பிறந்தவன் சாவான், வந்தவன் போவான், எதுவும் உன்னோடு வராது என்று பாட்டுகள் தத்துவமாகக் கொட்டின. உள்ளே உட்கார்ந்திருந்த அண்ணாச்சி எழுந்து வந்தார். ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி மைக்செட்காரர் மடியில் வைத்தார்.

"அண்ணாச்சி, வழக்கம்லா?" என்றார் அவர் பயந்துபோய்.

"எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்ப்பா. நீ போ."

யூனிட்டிலிருந்து இரண்டு பேர் வந்து மலர்வளையம் வைத்து சல்யூட் அடித்தபோது மட்டும் மதினியின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெம்பில்லை.

காரியம் முடிந்து அண்ணாச்சி ஆபீசுக்கு வந்தார். வேலையில் ஒரு பிசகில்லை. வருகிறவர்கள் எல்லாரும் அவர் மேஜைக்கு வந்து ஏதாவது சொன்னார்கள். காலம் ஆற்றும் என்றார்கள், விதி என்றார்கள். நாட்டுக்காகப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சொன்ன மகானும் உண்டு. அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றார்.

கொஞ்ச நாளில் அவர் தெருவிலிருந்து எனக்கு ஆள் வந்தது. உடனே வரச் சொன்னார்கள். போனால் அண்ணாச்சி வீட்டு முன்னால் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். முன்னால் நின்றவர் ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர். ஓய்வுபெற்ற பிறகு தெருவையே தாலுகா ஆபீசாக நினைத்துக்கொண்டவர்.

"தம்பி, நீங்க கூட வேல பாக்கிறவரு, நீங்களே கேளுங்க. பிள்ளையத் தூக்கிக் குடுத்து மாசம் ஒண்ணு ஆகல. தெனமும் வெளக்கு வைக்கிற நேரத்துல அந்த டிஸ்கோ பாட்டப் போடுதாரு. அதுவும் ஒரே பாட்டு. ஊரு என்ன சொல்லும்?"

உள்ளே டொம் டொம் என்று விழுந்துகொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றி உள்ளே போகப் பார்த்தேன். அதற்குள் மதினி வாசலுக்கு வந்தார். பாதி ஆளாக இருந்தார்.

"சார், இந்தப் பாட்ட எத்தன வருசமா ஏசிக்கிட்டு இருக்கேன்னு தெருவுக்கே தெரியும். இப்ப இத நிறுத்துனா இந்த வீட்டுல என்ன சத்தம் கேக்கும்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "போய்ட்டு வாங்க."

வருவாய் ஆய்வாளர் செருப்பைத் தேடிக்கொண்டு போனார். பின்னாலேயே மற்றவர்களும் கலைந்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருவிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு டிவியின் சத்தத்தைக்கூடக் குறைத்து வைத்தார்கள் என்று பின்னால் மதினி சொன்னார்.

நான் உள்ளே போனேன். அண்ணாச்சி தரையில் உட்கார்ந்திருந்தார். தட்டு முடிந்து ஊசி சும்மா உரசிக்கொண்டிருந்தது. எடுத்துத் திரும்ப முதலில் வைத்தார்.

"டிவியப் போட்டா ஒருத்தன் அம்மாங்கான், இன்னொருத்தன் மகனேங்கான். பஸ்ஸுல ஏறுனா வாழ்க்க இம்புட்டுத்தாம்னு ஒருத்தன் பாடுதான். ஆளாளுக்கு என்கிட்ட ஏதாவது சொல்லிக்கிட்டே இருக்கான் தம்பி. இதுல யாரும் எனக்கு ஒண்ணும் சொல்லல. அடி மட்டும் விழுது. நான் பாட்டுக்கு இருக்கேன்."

அன்று முதல் தடவையாக அந்தத் தட்டை முழுசாகக் கேட்டேன். பிடித்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அடி ஒரே சீராக விழுந்தது. நடுவில் எங்கோ ஒரு கதவு திறப்பது போல ஏதோ மெதுவாக விரிந்து, யாரையும் கேட்காமல் திரும்ப மூடிக்கொண்டது. அதற்குள் நாங்கள் இருவரும் பேச வேண்டிய அவசியமில்லாமல் போயிருந்தது.

அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம் உண்டு. தனக்குப் பிடித்த தட்டைப் போட்டவன் எங்கே இருக்கிறான் என்று தேடிப் பிடித்து, "உங்கள் பாட்டை இந்தியாவில் ராஜபாளையம் என்ற ஊரில் கேட்டேன், நன்றாக இருந்தது" என்று ஈமெயில் அனுப்புவார். ஏதோ மோசடி என்று பயந்து பதில் போடாதவர்கள் அதிகம். அவர் இறந்துவிட்டார் என்று மனைவியோ மகளோ பதில் எழுதியதும் உண்டு. மகன் போன பிறகு தினமும் கேட்ட இந்தத் தட்டைப் போட்டவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆயிற்று. இப்போது மண் தோண்டுகிற வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். இளவயதில் கைக்காசு போட்டு அந்த ஒரு தட்டை அடித்திருக்கிறார். கடைகள் திருப்பி அனுப்பிவிட்டன. மிச்சம் அவர் வீட்டுக் கொட்டகையில் கிடந்தது.

அண்ணாச்சி தன் மகனைப் பற்றியும் எழுதியிருக்கிறார். வந்த பதிலை என்னிடம் காட்டினார். "உங்கள் மகனைப் பற்றி என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதனால் தட்டுகளை அனுப்புகிறேன்" என்று இருந்தது.

சொன்னபடி ஒரு கனத்த பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே எல்லாம் ஒரே தட்டு. எல்லாவற்றிலும் வெள்ளை லேபிள். உலகத்தில் யாருமே வாங்காத ஒரு பாட்டின் மிச்சம் முழுவதும் ராஜபாளையத்தில் ஒரு கட்டிலுக்கு அடியில் வந்து சேர்ந்துவிட்டது.

கதிரேசனின் முதல் வருஷத் திவசம் வந்தது. வந்த சொந்தங்களுக்கு, இறந்தவர் பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பது அவர்கள் குடும்ப வழக்கம். "எல்லாருக்கும் ஒரு தட்டு குடுக்கப் போறேன்" என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். மதினி உட்பட எல்லோரும் எவர்சில்வர் தட்டு என்றே நினைத்துக்கொண்டார்கள். கான்சாபுரத்திலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். சாப்பாடு முடிந்தது. அண்ணாச்சி கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார்.

முதல் தட்டு அவருடைய அத்தை கைக்குப் போனது. அத்தை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏய்யா, இது என்ன கறுப்பா இருக்கு? நடுவுல ஓட்ட வேற. ரசம் ஊத்துனா ஒழுகுமேய்யா."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார்கள். அடுத்தது பட்டாளத்திலிருந்து ரிட்டயர் ஆகி வந்த சித்தப்பா. கண் சரியாகத் தெரியாது. வெள்ளை லேபிளை மூக்குக்கு அருகே வைத்து எழுத்துக் கூட்டினார். அதில் அண்ணாச்சி பேனாவால் "கதிரேசன்" என்று எழுதியிருந்தார்.

"நம்ம பய பாடியிருக்கானா இதுல?" என்றார் சித்தப்பா.

மதினி அடுக்களை வாசலில் நின்றபடி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டார். அண்ணாச்சி சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இல்ல சித்தப்பா. யாரும் பாடல."

"பொறவு இத என்ன செய்ய? எதுல போட?"

"போட வேண்டாம். சும்மா வெச்சிருங்க. இத யாருமே வாங்கல சித்தப்பா. நம்ம வாங்கிக்குவோம்."

சித்தப்பா தட்டை மடியில் வைத்து, துண்டால் ஒருமுறை துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கைநீட்டி வாங்கிக்கொண்டார்கள். வேனில் ஏறும்போது பெண்கள் தட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார்கள். பொங்கிய அழுகைக்கு நடுவே மதினி என்னிடம் சொன்னார்: "இந்த மனுசனக் கட்டிக்கிட்டு நான் படுத பாட்டப் பாத்தியளா தம்பி? ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கத் துப்பில்லையேன்னு ஊர்ல பேசுவாக." சொல்லிவிட்டு, தனக்கும் ஒரு தட்டு வேண்டும் என்று பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

வத்திராயிருப்புச் சுற்று வட்டாரத்தில் இன்றைக்கும் சில வீடுகளுக்குப் போனால் அந்தத் தட்டைப் பார்க்கலாம். கான்சாபுரத்து அத்தை அதற்குக் குங்குமப் பொட்டு வைத்து கதிரேசன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். ஒரு வீட்டில் அது தண்ணீர்ப் பானைக்கு மூடி. பிளவக்கல் அணைப் பக்கம் ஒரு தோப்பில் மாமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், பறவைகளை விரட்ட. அதை அண்ணாச்சியோடு போய்ப் பார்த்தபோது எனக்கே கோபம் வந்தது. அவர் மரத்தடியில் அண்ணாந்து நின்றார். காற்றில் தட்டு மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"சுத்துது பாத்தியா தம்பி?" என்றார்.

அண்ணாச்சி இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார். நாய் போன வருஷம் செத்துப்போயிற்று. மதினிக்குச் சர்க்கரை அதிகமாகி ஒரு கண் மங்கிவிட்டது. அந்த வீட்டில் நல்ல செய்தி என்று ஒன்று வந்து வெகுகாலம் ஆகிறது. தட்டுகள் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

சில மாதங்களுக்கு முன்னால் எனக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பார்க்க வந்தவர்கள் சத்துமாவு டப்பாவும் சாத்துக்குடியும் புத்திமதியும் கொண்டுவந்தார்கள். உப்பைக் குறை, கோபத்தைக் குறை, கதை எழுதுவதைக் குறை. அண்ணாச்சி ஒருநாள் மாலையில் வந்தார். கையில் எதுவும் இல்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துக் கட்டிலோரம் போட்டார். சட்டைப் பையிலிருந்து போனையும் சிக்கலாகக் கிடந்த இயர்போனையும் எடுத்து, பொறுமையாகச் சிக்கெடுத்தார். ஒரு முனையைத் தன் காதிலும் மறு முனையை என் காதிலும் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தப் பாட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. இயர்போனின் ஒயர் ரொம்பச் சின்னது. கொஞ்சம் அசைந்தாலும் என் காதிலிருந்து கழன்றுவிடும், அவரும் எழுந்து போய்விடுவார் என்று, நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு அப்படியே கிடந்தேன்.